தீக்கு முன்னால் ஓர் எண்

பொரித்த பப்படத்தை இராஜாக்கமங்கலத்தில் மூடாமல் வைத்துப் பாருங்கள். பந்தி முடிவதற்குள் நமுத்துப் போயிருக்கும். யாரும் அதன்மேல் தண்ணீர் தெளிக்கவில்லை. கடற்காற்றில் கலந்திருக்கும் நீராவி தானாகவே உள்ளே போய்க் குடியேறிவிட்டது. மலைச்சரிவில் காய்ந்து நிற்கும் புல்லும் இரவெல்லாம் இப்படித்தான் ஈரம் வாங்குகிறது. பகலில் வெயில் ஏற ஏற அதைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அது செத்துப்போன புல். வேர் அதற்குத் தண்ணீர் அனுப்புவதில்லை. ஆனாலும் காற்றோடு அது நடத்தும் கொடுக்கல் வாங்கல் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. காட்டுத்தீயை ஆராய்கிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் வேளிமலை. அதற்கப்பால் கீரிப்பாறை, அசம்பு மலை, மகேந்திரகிரி என்று மேற்குத்தொடர்ச்சி மலையின் கடைசி அடுக்குகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எழுந்த புல், தை பிறந்ததும் மஞ்சளடித்து, மாசி பங்குனியில் வைக்கோலாகிவிடும். அந்த மாதங்களில் இரவு நேரத்தில் முகட்டை ஒட்டி ஒரு செம்மஞ்சள் கோடு நெளிந்து ஏறுவதை நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். எந்த இடத்தில், எந்த நிமிடம் பற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் நாட்டில் காட்டுத்தீயில் பெரும்பங்கு மனிதக் கையால் மூள்வது: அணைக்காமல் எறிந்த பீடி, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று கொளுத்திய மூலை, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு. ஆனால் அப்படி ஒரு பொறி விழுந்தால் அது தானே அணையுமா, மெல்ல ஊருமா, ஆளைத் துரத்துமா என்பதை முந்தின நாளே சொல்லிவிடலாம். ஓர் எண்ணாகவே சொல்லலாம். அதற்குத் தீ அபாயக் குறியீடு என்று பெயர்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் பிற்பகலில் தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். மலைவாழ் மக்களும் ஊர்க்காரர்களும் முதலில் காப்பாற்ற ஓடினார்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போய்விட்டார்கள். காட்டுத்தீ என்றதும் வானுயர்ந்த மரங்கள் எரிகிற காட்சிதான் நம் மனதில் வரும். குரங்கணியில் ஆட்களைத் துரத்தியது புல் மூடிய சரிவு.

புல்லுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நூறு கிராம் நன்றாக உலர்ந்த புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமும் வெப்பம் 25 டிகிரி செல்சியஸும் இருந்தால் அந்தப் புல் தனக்குள் சுமார் 16 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடியற்காலை நிலைமை ஏறக்குறைய இதுதான். வெப்பம் 35 டிகிரிக்கு ஏறி, காற்றின் ஈரப்பதம் 20-க்கு இறங்கினால் அதே புல்லில் சுமார் 4 கிராம் நீர்தான் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 கிராம். ஒரு மேசைக்கரண்டி தண்ணீருக்கும் குறைவு! கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காய்ந்த புல்தான். நெருப்புக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும். ஒரு கிராம் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கலோரி வெப்பம் செலவாகும். தீ முன்னேற வேண்டுமானால் அடுத்த புல்தாளில் இருக்கும் நீரை முதலில் விரட்ட வேண்டும். பிறகுதான் தாள் பற்றும். ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் புல்தீ பெரும்பாலும் திணறி நின்றுவிடும். நாலைந்து சதவீதத்தில் அதைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை.

இந்த ஈரம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதை எரிபொருளின் தடிமன் தீர்மானிக்கிறது. காற்று மாறியபின், புதிய காற்றுக்கு ஏற்ற ஈரநிலையை நோக்கி ஒரு பொருள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான தூரம் (துல்லியமாக 63 சதவீதம்) போய்ச்சேர ஆகும் நேரத்தைத் தாமதக் காலம் என்கிறார்கள். தென்னந்தோப்பில் நின்றாலே இது விளங்கும். துடைப்பத்து ஈர்க்கு மாதிரி, ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ளவை ஒருமணி எரிபொருள். விரல் மொத்தச் சுள்ளி பத்துமணி எரிபொருள். மணிக்கட்டு மொத்தக் கம்புக்கு நூறு மணி. வீட்டுக் கழிக்கோலைவிடத் தடித்த கட்டைக்கு ஆயிரம் மணி. அதாவது ஏறக்குறைய ஆறு வாரம். ஒரு கட்டை இன்றைக்கு எப்படி எரியும் என்பதை ஒன்றரை மாத வானிலை முடிவு செய்கிறது. புல் எப்படி எரியும் என்பதை இன்று காலை வெயிலே முடிவு செய்துவிடும்.

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கும் நம்பக் கடினமானது. நேற்று மாலை மழை பெய்த மலையில் இன்று பிற்பகல் புல் எரியலாம். “நேற்றுத்தானே நனைஞ்சுது, இன்னைக்கு ஒண்ணும் ஆகாது” என்ற நம்பிக்கை மரக்கட்டைக்குப் பொருந்தும். காய்ந்த புல்லுக்குப் பொருந்தாது. மழையைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் புல் குட்டையாக, திட்டுத்திட்டாக நிற்கும். தீ ஒரு திட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாது. மழை கொட்டித் தீர்த்த ஆண்டில்தான் புல் இடைவெளி இல்லாமல் மண்டும். ஆகவே உலர்புல் நிலங்களில் நல்ல மழைக்குப் பின்வரும் கோடையே அதிகம் பயப்பட வேண்டிய கோடை.

ஈரத்தை எப்படி அளப்பது? அமெரிக்க வனத்துறையினர் கண்டுபிடித்த வழி மிக எளியது, மிக அழகானது. அரை அங்குல விட்டமுள்ள நான்கு பைன் மரக்குச்சிகளை ஒன்றாகப் பிணைத்து, முற்றாக உலர்ந்த நிலையில் சரியாக 100 கிராம் எடை வரும்படி சீவி விடுவார்கள். அதைக் காட்டில் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, தினமும் தராசில் வைப்பார்கள். 112 கிராம் காட்டினால் ஈரம் 12 சதவீதம். 106 என்றால் 6. கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும். மின்னணுக் கருவிகள் வந்தபின்னும் இந்தக் குச்சியின் கொள்கை மாறவில்லை. தராசுக்குப் பதிலாக மின் உணரிகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு மலைச்சரிவில் எல்லாத் தாளும் ஒரே நாளில் சாவதில்லை. பச்சைத் தாள் தன் உலர் எடையைவிட அதிகமாகவே நீர் வைத்திருக்கும். பக்கத்தில் நிற்கும் காய்ந்த தாளுக்கு அது ஒரு கேடயம். நூறு தாளில் எத்தனை காய்ந்துவிட்டன என்பதே உலர்வு விகிதம். பாதிக்குமேல் பச்சையாக இருக்கும்வரை தீ பெரிதாக ஓடாது. தொண்ணூறைத் தாண்டிவிட்டால் கேடயம் போய்விட்டது என்று பொருள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் யார் போய்த் தாள் எண்ணுவது? வானத்திலிருந்து எண்ணுகிறார்கள். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும்; நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசிவிடும். இலை சாகச் சாக இந்த வித்தியாசம் சுருங்கும். செயற்கைக்கோள் இரண்டு ஒளிகளையும் அளந்து வித்தியாசத்தைக் கணக்கிட்டால், எந்தச் சரிவு இந்த வாரம் பச்சையிலிருந்து வைக்கோலுக்கு மாறியது என்பது வரைபடமாக வந்துவிடும்.

நீலகிரியில் இந்த உலர்வுக்குக் காரணம் வெயில்கூட இல்லை. மார்கழி, தையில் அங்கே விழும் உறைபனி புல்லின் உயிரணுக்களைச் சிதைத்துவிடும். குளிரில் கருகிய புல்வெளி கோடை பிறப்பதற்கு முன்பே எரியத் தயாராகிவிடும். குமரி மாவட்டத்து மலைகளில் அந்த உறைபனி கிடையாது. இங்கே வேலையைச் செய்வது வறண்ட வாடைக்காற்றும் மாசி வெயிலும். ஒரே மாநிலத்தில் இரண்டு புல்வெளிகள் இரண்டு வெவ்வேறு காலக்கணக்கில் காய்கின்றன. மாநிலம் முழுமைக்கும் ஒரே தேதியில் ‘தீக்காலம் தொடங்கியது’ என்று அறிவிப்பதில் உள்ள குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது காற்று. இதில் நமக்கு இருந்த பல நம்பிக்கைகளை ஒரு பெரிய பரிசோதனை கலைத்துப் போட்டது. ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்தில் அன்னபுரூ என்ற பண்ணையில், 1986-இல் ஆராய்ச்சியாளர்கள் புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து 121 முறை தீ வைத்து அளந்தார்கள். புல் அதிகமாக மண்டியிருந்தால் தீ வேகமாக ஓடும் என்றுதான் எவரும் நினைப்போம். வேகத்துக்கும் புல்லின் எடைக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்றது முடிவு. வேகத்தைத் தீர்மானித்தவை காற்று, ஈரம், கூடவே யாரும் எதிர்பாராத ஒன்று: தீமுகத்தின் அகலம். சில அடி அகலமுள்ள தீ, பலத்த காற்றிலும் தயங்கித் தயங்கித்தான் போகிறது. நூறு மீட்டர் அகலம் பெற்றபின்தான் காற்று அனுமதிக்கும் முழு வேகத்தை எட்டுகிறது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். காற்று ஒரே திசையில் அடிக்கும்போது தீ ஈட்டிபோல நீண்டு ஓடும். முனை குறுகல், பக்கங்கள் நீளம். பக்கவாட்டில் தீ மெல்லத்தான் நகரும் என்பதால் அணைப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள். திடீரென்று காற்று திரும்பினால் அந்த நீண்ட பக்கம் முழுவதும் ஒரே நொடியில் தீமுகமாகிவிடும். அது அகலம் சேர்த்துக்கொள்ள நேரம் எடுக்காது. பிறக்கும்போதே முழு வேகத்தோடு பிறக்கும்.

சமவெளியில் இவ்வளவு. மலையில் சரிவும் சேர்ந்துகொள்கிறது. சுடர் எப்போதும் மேல்நோக்கி எழும். மேல்நோக்கிய சரிவில் இருக்கும் புல்லுக்குச் சுடர் பக்கத்தில் வந்துவிடுகிறது. தீ வருவதற்கு முன்பே புல் சூடேறி, உள்ளிருந்த கொஞ்ச ஈரத்தையும் இழந்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்கள் கையாளும் கணக்கு. சமதரையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஊரும் தீ, இருபது டிகிரிச் சரிவில் நான்கு கிலோமீட்டர் ஓடும், முப்பதில் எட்டு. செங்குத்தான புல்மேட்டில், பையைச் சுமந்துகொண்டு, திடகாத்திரமான இளைஞராலும் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குமேல் ஏற முடியாது. மலையில் தீ கீழிருந்து வந்தால் மேலே ஓடித் தப்பிக்க முடியாது என்று சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

பகலில் வெயில் சரிவைச் சூடாக்க, சூடான காற்று சரிவோடு மேலே ஏறும். பள்ளத்தாக்குக் காற்று அதன் பின்னாலேயே மேலே வரும். ஆக, பிற்பகலில் புல்லின் ஈரம் அன்றைய நாளின் அடிமட்டத்தில் இருக்கும். காற்றும் மேல்நோக்கி அடிக்கும். சரிவும் மேல்நோக்கியே இழுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். மலைப்பாதையில் இறங்குபவர்கள் பாதி வழியில் இருக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

இத்தனையையும் ஓர் எண்ணுக்குள் அடக்கியவர் ஆஸ்திரேலியாவின் ஆலன் மெக்கார்தர். நூற்றுக்கணக்கான சோதனைத் தீக்களை மூட்டி அளந்தவர். 1960-களில் அவர் கொடுத்தது கணினி நிரல் அல்ல, வட்டமான அட்டைச் சுழலி. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அட்டை வளையங்கள். உலர்வு விகிதத்துக்கு ஒன்றைத் திருப்பு, வெப்பத்துக்கு ஒன்று, காற்றின் ஈரப்பதத்துக்கு ஒன்று, காற்றின் வேகத்துக்கு ஒன்று. கடைசியில் ஒரு முள் ஓர் எண்ணைக் காட்டும். மாடு மேய்க்கும் பண்ணைக்காரரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வளையங்களுக்குப் பின்னால் அடுக்குக்குறிச் சமன்பாடுகள் இருக்கின்றன. திருப்புகிறவருக்கு அவை தெரிய வேண்டியதில்லை. கடினமான அறிவியலை வயலில் நிற்பவர் கைக்கு இவ்வளவு எளிமையாகக் கொண்டுசேர்த்த கருவி வேறு அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

காடுகளுக்காக அவர் செய்த அளவுகோலில் 100 என்பது உச்சம். 1939 ஜனவரி 13-ஆம் தேதி விக்டோரியா மாநிலத்தைத் தீக்கிரையாக்கிய ‘கறுப்பு வெள்ளி’ நாளின் வானிலையே அந்த நூறு. அதற்குமேல் வராது என்று நினைத்தார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று அதே விக்டோரியாவில் எண் நூறைத் தாண்டிப் போனது. 173 பேர் மாண்டார்கள். அதன்பிறகு ‘பேரழிவு’ என்று புதிய படிநிலை சேர்த்து, 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் புதிய அபாய அளவுமுறைக்கு மாறிவிட்டார்கள்.

நம் நாட்டில் இந்த வேலை டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. அது கனடாவின் தீ வானிலைக் குறியீட்டைத் தழுவிக்கொண்டது. கனடா முறை நண்பகலில் எடுக்கும் நான்கே அளவுகளைக் கேட்கும்: வெப்பம், ஈரப்பதம், காற்று, கடந்த 24 மணி நேர மழை. அதைக் கொண்டு தரையின் மூன்று அடுக்குகளுக்குத் தனித்தனியே கணக்கு வைக்கும். மேலே கிடக்கும் சருகு ஒரு நாளுக்குள் மாறும். நடு அடுக்குக்கு 12 நாள். ஆழத்து மக்குக்கு 52 நாள். நேற்றைய கணக்கின்மேல்தான் இன்றைய கணக்கு ஏறும். ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் பின்னால் வரும் எண்கள் தடுமாறும். இது பைன் மரக்காட்டுத் தரைக்காகப் பிறந்த முறை. நம் புல்மலைகளுக்கு அதை அளந்து பழக்கும் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. அதற்கு மலையடிவாரங்களில் வானிலைக் கருவிகள் வேண்டும். கடலோரத்தில் பப்படம் நமுக்கும் அதே மதியத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் காற்று வேறு. நகரத்து நிலையத்தின் ஒற்றை அளவு இரண்டுக்கும் பேச முடியாது.

தீ மூண்டபின் கண்டுபிடிப்பது மற்றோர் அதிசயம். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004-லிருந்து செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீயைக் கண்காணிக்கிறது. இப்போது பயன்படும் ‘வியர்ஸ்’ உணரிக்கு நிலத்தின் ஒரு புள்ளி என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர் சதுரம், அதாவது சுமார் 35 ஏக்கர். இவ்வளவு பெரிய சதுரத்தில் ஒரு சிறு தீ எப்படித் தெரியும்? நான்கு மைக்ரான் அலைநீளத்தில் பார்ப்பதுதான் சூட்சுமம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அலைநீளத்தில், சுமார் 700 டிகிரியில் எரியும் சுடர், பக்கத்தில் கிடக்கும் சாதாரணத் தரையைவிட நாலாயிரம் மடங்குக்குமேல் பிரகாசமாக இருக்கும். கணக்குப் போட்டால், 35 ஏக்கரில் ஒரு சென்ட் இடம்கூட எரிய வேண்டாம். அந்தப் புள்ளி முழுவதும் இரு மடங்கு ஒளிர்ந்துவிடும். நம் ஊரில் வீட்டுமனை பேசுகிற அதே சென்ட்தான்! எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கண்ணில் படுகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த உணரியைச் சுமக்கும் செயற்கைக்கோள் ஓரிடத்துக்குமேல் பகல் ஒன்றரை மணிவாக்கில் ஒருமுறையும் இரவு ஒன்றரை மணிவாக்கில் ஒருமுறையும் கடக்கும். மரக்காட்டுத் தீ நாள்கணக்கில் புகையும், அதைப் பிடித்துவிடலாம். புல்தீ இரண்டு மணிக்குப் பிறந்து நான்கு மணிக்குள் ஒரு மலையைத் தின்றுவிட்டு அணைந்துபோகலாம். நமது இன்சாட்-3டி வகை வானிலைச் செயற்கைக்கோள் அரைமணிக்கு ஒருமுறை பார்க்கும். ஆனால் அதன் புள்ளி நான்கு கிலோமீட்டர் சதுரம், சிறுதீ அதில் கரைந்துவிடும். கூர்மையாகப் பார்ப்பது எப்போதாவதுதான் பார்க்கிறது. அடிக்கடி பார்ப்பது மங்கலாகப் பார்க்கிறது. புல்லைப் பொறுத்தவரை, மூண்டபின் வரும் எச்சரிக்கையைவிட மூளுமுன் சொல்லும் எண்தான் உயிர் காக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தீக்காலத்தில் மலைப்பாதைகளை மூடிவைப்பதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. அன்றன்றைய அபாய எண் அடிவாரத்துச் சோதனைச்சாவடியில், கோயில் வாசலில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பலகையாகத் தொங்க வேண்டும். ஆடு மேய்க்கப் போகிறவருக்கும் தேன் எடுக்கப் போகிறவருக்கும் அது தெரிய வேண்டும். அதுவரை, உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் கைப்பேசி எண்ணைப் பதிந்து, தங்கள் பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உங்கள் மலையில் தீ தென்பட்டால் குறுஞ்செய்தி வரும். கட்டணம் இல்லை. தை முடிவதற்குள் பதிந்துவிடுங்கள்.